ஆசிரியருக்கு: கட்டத்துக்குள் இருந்த அந்த ஒரு வரி தவறு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அக்டோபர் 29, உலகப் பக்கவாத தினத்துக்காக நீங்கள் வெளியிட்ட முழுப்பக்கக் கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ரத்த அழுத்தம், சர்க்கரை, புகைபிடித்தல் என்று சொல்லவேண்டியதை எல்லாம் சொல்லியிருந்தீர்கள். ஆனால் ஓரத்தில் ஒரு கட்டம் கட்டி, கொட்டை எழுத்தில், 'இது வயதானவர்களின் நோய், குழந்தைகளைப் பற்றிய கவலை வேண்டாம்' என்று போட்டிருந்தீர்களே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் குழந்தைகளுக்கு பிசியோதெரபி கொடுப்பவள். 19 வருடமாக இதுதான் வேலை. கட்டுரை வந்த மறுநாள் ஒரு அம்மா அந்தப் பக்கத்தை நான்காக மடித்துப் பையில் வைத்துக் கொண்டுவந்தார். மகனைப் பாயில் உட்காரவைத்துவிட்டு, அந்தக் கட்டத்தில் விரலை வைத்து, "அப்போ இவனுக்கு வந்தது என்ன மேடம்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே சந்தேகம் வந்துவிட்டது அவருக்கு. அவர் மகனுக்கு வந்ததும் பக்கவாதம்தான், ஸ்கேனில் பார்த்து உறுதிசெய்தது. அச்சில் வந்துவிட்டால் டாக்டர் சொன்னதைவிட அதுதான் சரி என்று தோன்றிவிடுகிறது பாருங்கள்.

குழந்தைக்கு வருவதும் அதே நோய்தான். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொள்ளும், அல்லது வெடித்துக் கசியும், அந்தப் பகுதி மூளை ரத்தம் கிடைக்காமல் செத்துப்போகும். பெரியவர்களில் பெரும்பாலும் அடைப்பு வகை, குழந்தைகளில் அடைப்பும் கசிவும் கிட்டத்தட்ட பாதிப் பாதி. இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள், பின்னால் ஒரு இடத்தில் தேவைப்படும். எத்தனை பேருக்கு வருகிறது என்றால், பிறப்பை ஒட்டிய நாட்களில் ரத்தக்குழாய் அடைப்பு மட்டும் சுமார் 2,500 முதல் 4,000 பிறப்புக்கு ஒன்று. ஒரு மாதம் தாண்டிய பிறகு வருடத்துக்கு லட்சம் குழந்தைகளில் ஒருசிலருக்கு. அபூர்வம்தான், மறுக்கவில்லை. அபூர்வம் என்பது வேறு, கிடையாது என்பது வேறு.

முதலில் கைக்குழந்தைகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், நாம் அதிகம் கோட்டைவிடுவது அங்கேதான்.

ஏழு மாதக் குழந்தை ஒன்றை அழைத்துவந்திருந்தார்கள். கவிழ்ந்து படுக்கத் தாமதமாகிறது, கொஞ்சம் சோம்பலாக இருக்கிறான் என்பதுதான் புகார். அம்மா சிரித்துக்கொண்டே, "அப்புறம் மேடம், இவன் இடக்கைப் பழக்கம், அப்படியே அவன் மாமா மாதிரி" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கிலுகிலுப்பையை எடுத்துக் குழந்தையின் வலது பக்கம் நீட்டினேன். பக்கத்திலேயே வலது கை இருக்கிறது, ஆனால் இடது கை மார்பைத் தாண்டி வந்து அதைப் பிடிக்கிறது. வலது கை முஷ்டி மூடியபடி, கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கி. சரி என்று மெல்லிய கைக்குட்டை ஒன்றை முகத்தில் போட்டேன், இடது கை ஒரே இழுப்பில் இழுத்துவிட்டது. மறுபடி போட்டு இடது கையை மெதுவாகப் பிடித்துக்கொண்டேன். குழந்தை தலையை ஆட்டுகிறான், சிணுங்குகிறான், வலது தோள் மட்டும் மேலே எழும்புகிறது, விரல்கள் திறக்கவில்லை. கைக்குட்டை முகத்திலேயே கிடந்தது. அம்மாவின் சிரிப்பு அதற்குள் போய்விட்டது.

ஒரு வயதுக்குள் எந்தக் குழந்தைக்கும் வலக்கை, இடக்கை என்ற பழக்கம் வருவதில்லை. அதற்குப் பிறகுதான், ஒன்றரை வயது வாக்கில், மெல்லத் தெரிய ஆரம்பிக்கும். ஐந்தாறு மாதத்திலேயே ஒரு கைதான் எல்லாவற்றுக்கும் வருகிறது என்றால், அந்தக் கை கெட்டிக்காரக் கை என்று அர்த்தமில்லை, மற்றக் கைக்கு ஏதோ பிரச்சினை என்று அர்த்தம். இந்தக் குழந்தைக்கு எம்ஆர்ஐ எடுத்தபோது இடது மூளையில் பழைய தழும்பு இருந்தது. கருவில் இருந்தபோதோ பிறந்த சில நாளிலோ நடந்து முடிந்த பக்கவாதம், நடந்தபோது யாருக்கும் தெரியவில்லை. இப்படி வருகிறவர்களில் இடது பக்க மூளைதான் அதிகம், அதனால் வலது கைதான் அதிகம் பாதிக்கும். நிறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு ஒரு பக்கக் கைகால் மட்டும் இறுகிப்போகிற பெருமூளை வாதம் வந்தால், அதற்கு முதல் காரணம் இந்தப் பக்கவாதம்தான். பெரும்பாலான பெற்றோர்களுக்கு 'சிபி', அதாவது பெருமூளை வாதம், என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள், ஏன் வந்தது என்று சொல்வதில்லை.

சில குழந்தைகளுக்குப் பிறந்த இரண்டு மூன்று நாளுக்குள்ளேயே அறிகுறி தெரிந்துவிடும், அதுவும் வலிப்பாக. பெரியவர்களுக்கு வருகிற மாதிரி உடம்பு முழுக்க உதறாது. ஒரு கை மட்டும், அல்லது ஒரு கால் மட்டும், தாளம் தப்பாமல் வெட்டி வெட்டி இழுக்கும், மற்றப் பக்கம் சும்மா இருக்கும். பச்சிளங்குழந்தைகள் சாதாரணமாகவே கைகால் நடுங்குவது உண்டு, அந்த நடுக்கத்தை நம் கையால் பிடித்தால் நின்றுவிடும். வலிப்பு பிடித்தாலும் நிற்காது, உள்ளங்கையில் துடித்துக்கொண்டே இருக்கும். சில நேரம் மூச்சு விட்டுவிட்டு வருவது மட்டும்தான் அறிகுறி. உடனே பச்சிளங்குழந்தைகள் பிரிவில் காட்டினால், பாலூட்டி, துணியில் இதமாகச் சுற்றி, தூங்கும்போதே எம்ஆர்ஐ எடுத்துவிடுவார்கள், பல குழந்தைகளுக்கு மயக்க மருந்துகூடத் தேவைப்படுவதில்லை.

இந்த இடத்தில் அம்மாக்களுக்காக ஒன்று சொல்லியாகவேண்டும். காரணம் தெரிந்ததும் அவர்கள் முதலில் கேட்பது, "நான் என்ன தப்பு பண்ணினேன்?" என்பதுதான். மாடிப்படி ஏறினேனே, அன்றைக்கு வழுக்கி விழப்பார்த்தேனே, என்று ஒன்பது மாதத்தையும் நாள்நாளாகப் புரட்டுவார்கள். நஞ்சுக்கொடியில் உருவாகும் சின்ன ரத்தக்கட்டி குழந்தையின் இதயத்தின் வழியே மூளைக்குப் போயிருக்கலாம், பிரசவ நேரத்தில் தாய்க்கும் சேய்க்கும் ரத்தம் உறையும் தன்மை இயற்கையாகவே கூடுகிறது, பல பேருக்கு எவ்வளவு தேடினாலும் ஒற்றைக் காரணம் அகப்படாது. அம்மா செய்ததாலோ செய்யாததாலோ வந்தது இல்லை. இதைச் சில அப்பாக்களிடமும் பாட்டிகளிடமும் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லவேண்டியிருக்கிறது, எழுதவே கசப்பாக இருக்கிறது. இன்னொரு ஆறுதல், பிறந்தபோது வந்த அடைப்பு வகைப் பக்கவாதம் திரும்ப வருவது மிக மிகக் குறைவு, இதயக் கோளாறு மாதிரி ஏதாவது இருந்தால் தவிர.

சரி, அடுத்து ஓடியாடும் வயது.

ஆறு வயதுச் சிறுமி. காலையில் பல் துலக்கும்போது பிரஷ் கையிலிருந்து நழுவி விழுந்திருக்கிறது. எடுத்துக் கொடுத்தார்கள், மறுபடி விழுந்தது. "விளையாடாதே, நேரமாச்சு" என்று அதட்டியிருக்கிறார்கள். வாய் கொப்பளித்த தண்ணீர் ஒரு ஓரமாக வழிந்திருக்கிறது. பள்ளிக்கும் அனுப்பிவிட்டார்கள். அங்கே பென்சிலைப் பிடிக்க முடியாமல் அழுததும் வீட்டுக்குத் திருப்பி அனுப்பினார்கள். முதலில் பார்த்த இடத்தில் முகவாதம், தானாகச் சரியாகிவிடும் என்றார்கள். அடுத்த நாள் சாயங்காலம் கால் இழுத்து நடந்தபோதுதான் ஸ்கேன். நான்கு மாதம் முன்பு அந்தக் குழந்தைக்குச் சின்னம்மை வந்துபோயிருந்தது, அதை யாரும் கேட்கவும் இல்லை, இவர்களுக்குச் சொல்லத் தோன்றவும் இல்லை.

இதில் யாரையும் திட்டுவதற்காக எழுதவில்லை. ஆறு வயதுக் குழந்தை பிரஷ்ஷைக் கீழே போட்டால் பக்கவாதம் என்று எந்தத் தாய் நினைப்பாள்? வீட்டில் தோன்றாது, பல நேரம் மருத்துவருக்கும் தோன்றாது. குழந்தைகளில் பக்கவாதத்தை உறுதிசெய்ய ஒரு நாளை ஒட்டிய தாமதம் ஆவதாக வெவ்வேறு நாடுகளின் ஆய்வுகளே சொல்கின்றன, வசதியான மருத்துவமனைகளில்கூட. தாத்தாவுக்கு வாய் கோணினால் வீடே எழுந்து ஓடுகிறது. பேத்திக்குக் கோணினால் குறும்பு செய்கிறாள் என்கிறோம். உங்கள் கட்டத்துக்குள் இருந்த வரி எனக்கு ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்றால் இதனால்தான், ஏற்கெனவே யாருக்கும் தோன்றாத ஒன்றை இனியும் தோன்றவேண்டாம் என்று அச்சடித்துச் சொல்லிவிட்டீர்கள்.

மருத்துவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. திடீரென்று ஒரு பக்கம் பலவீனமாகி வரும் குழந்தைகளில் நிறையப் பேருக்கு வேறு நோய்தான் இருக்கும். ஒற்றைத் தலைவலி அப்படிக் காட்டும். வலிப்பு வந்து ஓய்ந்த பிறகு ஒரு கை கொஞ்ச நேரம் தொங்கிவிட்டுத் தானே திரும்பிவிடும், 19-ஆம் நூற்றாண்டில் ராபர்ட் டாட் என்ற மருத்துவர் எழுதிவைத்ததால் அதற்கு டாட் வாதம் என்று பெயர். மூளைக்காய்ச்சல், மூளைக்கட்டி, முகநரம்பு வாதம் என்று இன்னும் இருக்கின்றன. முகவாதத்துக்கு மட்டும் ஒரு எளிய வித்தியாசம் உண்டு. முகநரம்பு பாதித்தால் நெற்றியும் சேர்ந்து சுருங்காது, கண்ணையும் மூட முடியாது. பக்கவாதத்தில் பெரும்பாலும் வாய்தான் கோணும், நெற்றி சுருங்கும், கூடவே கையோ பேச்சோ பாதித்திருக்கும். அதற்காக வீட்டில் கண்ணாடி முன் நிறுத்திச் சோதித்துக்கொண்டு இருக்காதீர்கள், அது மருத்துவர் பார்க்கவேண்டியது. பெற்றோர் செய்யவேண்டியது ஒன்றே ஒன்று, "இது ஸ்ட்ரோக்காக இருக்குமா டாக்டர்?" என்று வாய்விட்டுக் கேட்பது. கேட்டால் கோபித்துக்கொள்கிறவர்களும் உண்டு, கோபித்துக்கொண்டால் கொள்ளட்டும், அந்தக் கேள்வி காதில் விழுந்த பிறகு இல்லை என்று நிரூபிக்காமல் அனுப்ப மனசு வராது.

அறிகுறிகள் பெரியவர்களுக்கு உள்ளவைதான்: முகம் கோணுதல், ஒரு பக்கம் தளர்தல், பேச்சு குழறுதல், திடீரெனப் பார்வை மங்குதல், தள்ளாடுதல். குழந்தைகளுக்கு இதோடு தலைவலியும் வாந்தியும் வலிப்பும் அதிகம். இதற்கு முன் வலிப்பே வராத குழந்தைக்கு ஒரு பக்கம் மட்டும் வலிப்பு வந்து, ஓய்ந்த பிறகும் அந்தக் கை எழும்பாவிட்டால் டாட் வாதம் என்று காத்திருக்கக்கூடாது. 'தலையே வெடிக்குது' என்று குழந்தை அலறி, வாந்தி எடுத்து, மயங்கினால் ரத்தக்கசிவாக இருக்கலாம்.

அப்படி ஒரு நேரத்தில் தயவுசெய்து ஆஸ்பிரின் மாத்திரையைத் தூள் செய்து புகட்டிவிடாதீர்கள். பாதிப் பாதி என்று முன்னே சொன்னேனே, அது இதற்குத்தான். ஸ்கேன் எடுக்கும்வரை அடைப்பா கசிவா என்று யாராலும் சொல்ல முடியாது, கசிவில் ஆஸ்பிரின் கொடுத்தால் எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றிய கதைதான். தண்ணீர்கூடக் கொடுக்கவேண்டாம், விழுங்கும் தசை தளர்ந்திருந்தால் புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, கடைசியாக எத்தனை மணிக்குக் குழந்தை நன்றாக இருந்தது என்பதைக் குறித்துக்கொண்டு கிளம்பிவிடவேண்டும். மருத்துவமனையில் முதலில் கேட்பதும் அந்த மணியைத்தான், பெரும்பாலான பெற்றோர்கள் அப்போதுதான் திருதிருவென்று விழிப்பார்கள்.

ஸ்கேன் என்றதும் எல்லாம் ஒன்று என்று நினைக்கிறார்கள். சிடி சில நிமிடத்தில் முடிந்துவிடும், ரத்தக்கசிவை நன்றாகக் காட்டும், ஆனால் அடைப்பு வந்த முதல் சில மணி நேரத்தில் ஒன்றுமில்லாத மாதிரியே இருக்கும். 'சிடி நார்மல், வீட்டுக்குப் போங்கள்' என்று அனுப்பப்பட்டு, பிறகு என்னிடம் வந்த குழந்தைகள் ஒன்றிரண்டு இல்லை. எம்ஆர்ஐ-யில் நீர்மூலக்கூறுகளின் நகர்வைப் பார்க்கும் ஒரு வகைப் படம் உண்டு, அதில் செத்துக்கொண்டிருக்கும் பகுதி பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும், ஆரம்பத்திலேயே. அதோடு மூளை, கழுத்து இரண்டின் ரத்தக்குழாய்களையும் படம் எடுக்கவேண்டும், மூளையிலிருந்து ரத்தத்தைத் திருப்பி எடுத்துப்போகும் சிரைகளையும் சேர்த்து. கழுத்தை விட்டுவிடுகிறார்கள் சில இடங்களில். விளையாடும்போது கழுத்து சடாரென்று திரும்பினாலோ அடிபட்டாலோ குழாயின் உள்சுவர் கிழிந்து, அங்கே ரத்தம் கட்டி மேலே போகும், அதனால்தான் கழுத்தையும் பார்க்கவேண்டும். பிறகு இதய எக்கோ, ரத்தப் பரிசோதனைகள்.

காரணங்களைத் தேடும்போதுதான் குழந்தைகளின் பக்கவாதம் எவ்வளவு வேறு மாதிரி என்று தெரியும். கொழுப்பு படிவது இங்கே பெரிதாகக் கிடையாது. இதயத்தில் பிறவிக் கோளாறு முக்கியமான ஒன்று, அதைச் சரிசெய்யும் அறுவைசிகிச்சையின்போதும் அபாயம் இருக்கிறது. இன்னொன்று தொற்று. சின்னம்மைக் கிருமி மூளைக் குழாயின் சுவரை வீங்கவைத்துக் குறுக்கிவிடும், அம்மை இறங்கி மாதங்கள் கழித்தும், ஒரு வருடத்துக்குள் எப்போது வேண்டுமானாலும். அம்மை மட்டுமில்லை, சாதாரணச் சளிக்காய்ச்சலுக்கும் இதில் பங்கு இருக்கிறது. 9 நாடுகளில் 355 குழந்தைகளை வைத்து நடந்து, 2015-இல் வெளியான ஆய்வில், முந்தைய வாரத்தில் ஏதாவது தொற்று வந்த குழந்தைகளுக்கு அடைப்புவகைப் பக்கவாத வாய்ப்பு சுமார் 6 மடங்கு இருந்தது. வழக்கமான தடுப்பூசிகளைச் சரியாகப் போடாத குழந்தைகளுக்கு சுமார் 7 மடங்கு. தடுப்பூசி வேண்டாம் என்று ஃபார்வேர்டு செய்கிறவர்கள் இந்த வரியையும் சேர்த்து ஃபார்வேர்டு செய்யலாம். சளி பிடித்த குழந்தைக்கெல்லாம் இது வந்துவிடும் என்று இல்லை, 6 மடங்கு என்றாலும் மூலக்கணக்கு லட்சத்தில் ஒருசிலர்தான்.

சாதாரண இரும்புச்சத்துக் குறைவுக்கும் பங்கு உண்டு என்றால் நம்ப மாட்டார்கள். 2007-இல் வெளியான கனடா நாட்டு ஆய்வில், மற்றபடி ஆரோக்கியமாக இருந்து பக்கவாதம் வந்த சின்னக் குழந்தைகளிடம் இரும்புச்சத்து ரத்தசோகை மற்றவர்களைவிடச் சுமார் 10 மடங்கு அதிகமாகக் காணப்பட்டது. வயிற்றுப்போக்கில் உடம்பு வற்றிப்போவது, காதுச் சீழ் எலும்புக்குப் பரவுவது, நெஃப்ராட்டிக் என்கிற சிறுநீரகக் கோளாறு, ரத்தப் புற்றுக்குக் கொடுக்கும் அஸ்பராஜினேஸ் மருந்து, இவையெல்லாம் மூளையின் சிரைகளில் ரத்தத்தை உறையவைக்கும். அப்போது கைகால் தளர்வதற்கு முன் தலைவலி, வாந்தி, பார்வைக் கோளாறு என்று நாள்கணக்கில் போய்க்கொண்டிருக்கும். காசநோய் மூளையுறைக் காய்ச்சலும் ரத்தக்குழாய்களைச் சுருக்கும்.

மோயாமோயா என்ற நோயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை, அது முன்கூட்டியே சாடை காட்டுகிற நோய், பார்க்கத் தெரிந்தால் தடுத்துவிடலாம். மூளைக்குப் போகும் பெரிய குழாய்கள் கொஞ்சம் கொஞ்சமாக அடைந்துகொண்டே வரும், அதை ஈடுகட்ட நூல்நூலாகச் சின்னக் குழாய்கள் முளைக்கும். ஆஞ்சியோகிராம் படத்தில் அது புகை மண்டிய மாதிரி இருப்பதால், ஜப்பானிய மருத்துவர்கள் 1969-இல் தங்கள் மொழியில் புகைபோல மங்கலாக இருப்பதைக் குறிக்கும் சொல்லையே பெயராக வைத்தார்கள். இந்தக் குழந்தைகள் பலூன் ஊதினாலோ, ஏங்கி ஏங்கி அழுதாலோ, கை சில நிமிடம் தொங்கிவிட்டுத் திரும்ப வந்துவிடும். வேகமாக மூச்சு விடும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறையும், குறைந்தால் மூளைக்குழாய்கள் சுருங்கும், ஏற்கெனவே குறுகிய குழாயில் அந்தச் சுருக்கம் தாங்காது. 'அடம்பிடித்து அழுதால் கையை மடக்கிக்கொள்வாள், சமாதானமானதும் சரியாகிவிடும்' என்று ஒரு குடும்பம் இரண்டு வருடம் சொல்லிக்கொண்டிருந்தது. நடிப்பு என்றே நினைத்துவிட்டார்கள். நடிக்கும் குழந்தை எப்போதும் ஒரே கையை வைத்து நடிக்காது. தலைத்தோலின் ரத்தக்குழாயை எடுத்து மூளையின் மேற்பரப்பில் படியவைக்கும் அறுவைசிகிச்சை உண்டு, அங்கிருந்து புதுக் குழாய்கள் உள்ளே வளரும்.

தடுத்துவிடலாம் என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் அரிவாள் செல் ரத்தசோகை, சிவப்பணுக்கள் அரிவாள் மாதிரி வளைந்துபோகும் பரம்பரை நோய். எதுவும் செய்யாமல் விட்டால் அதன் கடுமையான வகை உள்ளவர்களில் 20 வயதுக்குள் நூற்றுக்குச் சுமார் 11 பேருக்குப் பக்கவாதம் வரும். தலைக்கு வெளியே கருவியை வைத்து மூளைக்குழாயில் ரத்தம் ஓடும் வேகத்தைப் பார்க்கும் டாப்ளர் பரிசோதனை இருக்கிறது, வலி இல்லை, ஊசி இல்லை. விநாடிக்கு 200 சென்டிமீட்டரைத் தாண்டினால் அபாயம். அப்படிப்பட்ட குழந்தைகளுக்குத் தொடர்ந்து ரத்தம் ஏற்றினால் பக்கவாதம் 92 சதவீதம் குறைகிறது என்று 1998-இல் வெளியான ஆய்வு காட்டியது, பலன் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வையே பாதியில் நிறுத்திவிட்டார்கள். சத்தமில்லாமல் இத்தனை குழந்தைகளைக் காப்பாற்றிய ஒரு பரிசோதனை உங்கள் முழுப்பக்கத்தில் ஒரு வரியாவது பெற்றிருக்கலாம்.

ரத்தக்கசிவு என்றால், தமனியும் சிரையும் பிறவியிலேயே பின்னிக்கொண்டு கிடக்கும் முடிச்சு வெடிப்பதுதான் பெரிய காரணம், அப்புறம் ரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபிலியா, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைவு. கைக்குழந்தைகளில் வைட்டமின் கே குறைவு. பிறந்ததும் தொடையில் போடுகிற அந்த ஒரு ஊசியை, பிஞ்சுக்கு எதற்கு வலி என்று வேண்டாமென்கிறவர்கள் இருக்கிறார்கள். தாய்ப்பாலில் வைட்டமின் கே குறைவு, ஊசி போடாத குழந்தைக்கு ஒன்றிரண்டு மாதத்தில் திடீரென்று மூளைக்குள் ரத்தம் கசியலாம். அப்படி வந்த ஒரு குழந்தைக்கு நான்கு வருடமாகக் கழுத்து நிற்கப் பயிற்சி கொடுக்கிறேன்.

சிகிச்சையில் பெரியவர்களுக்கு இருக்கிற அளவு உறுதியான விடைகள் குழந்தைகளுக்கு இல்லை. பெரியவர்களுக்கு அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போடும் ரத்தக்கட்டி கரைக்கும் ஊசி குழந்தைகளுக்குப் பாதுகாப்பானதா என்று பார்க்க ஒரு ஆய்வைத் தொடங்கினார்கள், 2013-இல் ஆள் சேராமல் மூடிவிட்டார்கள். ஸ்ட்ரோக்கா என்று பரிசோதித்த 93 குழந்தைகளில் பாதிக்கு மேல் வேறு நோய், மீதி 43 பேருக்குப் பக்கவாதம் உறுதியானது, அதில் ஆய்வில் சேர்ந்தது ஒரே ஒரு குழந்தை. மற்றவர்களில் பலருக்கு ஊசியைப் போட முடியாதபடி வேறு மருத்துவக் காரணங்கள் இருந்தன. ஆனால் அந்த ஆய்வுக்காக மருத்துவமனைகள் இரவிலும் குழந்தைக்கு எம்ஆர்ஐ எடுக்க ஆளை ஏற்பாடு செய்தன, அவசரப் பிரிவில் குழந்தைகளுக்கென்று தனி நடைமுறை எழுதின. தோற்றுப்போன ஆய்வு மிச்சம் வைத்த லாபம் அது. தொடையின் வழியே கம்பியை நுழைத்துக் கட்டியை இழுத்து எடுக்கும் முறையில் 73 குழந்தைகளின் விவரங்களைத் தொகுத்து 2020-இல் ஓர் ஆய்வு வெளியானது. நம்பிக்கை தருகிறது, ஆனாலும் தகுந்த குழந்தையைத் தேர்ந்தெடுத்து, தேர்ந்த கையில் செய்யவேண்டியது.

பெரும்பாலான குழந்தைகளுக்கு நடப்பது இவ்வளவு பரபரப்பானது இல்லை. ஆக்சிஜன், சர்க்கரை அளவு, உடல் சூடு, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் நிலையாக வைத்திருப்பார்கள், வலிப்பை அடக்குவார்கள். அடைப்பு என்று உறுதியானால் எடைக்கேற்ற அளவில் ஆஸ்பிரின், இதயத்திலிருந்து வந்த ரத்தக்கட்டி, கழுத்துக்குழாய்க் கிழிசல், சிரை உறைவு என்றால் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் வகை. மூளை வீங்கி நெருக்கினால் மண்டையோட்டின் ஒரு பகுதியை எடுத்துவைத்து இடம் கொடுப்பார்கள். ஆஸ்பிரின் சாப்பிடும் குழந்தைக்கு ஃப்ளூவோ சின்னம்மையோ வந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லவேண்டும், அபூர்வமாக ரே நோய் என்று கல்லீரலும் மூளையும் பாதிக்கும். அதற்காக நீங்களாகவே மாத்திரையை நிறுத்திவிடவும் கூடாது.

அப்புறம்தான் எங்கள் முறை. நல்ல கையை ஒரு உறையிலோ மாவுக்கட்டிலோ தினம் சில மணி நேரம் அடைத்துவைத்து, பலவீனமான கையை வேலை வாங்குவது ஒரு பயிற்சி. பார்க்கிறவர்களுக்குக் கொடுமையாகத் தெரியும், பாட்டிகள் உறையைக் கழற்றிவிடுவார்கள். பிறகு இரண்டு கையும் சேர்ந்து செய்யும் வேலைகள்: மூடியைத் திருகுவது, மணி கோர்ப்பது, பந்தை இரு கையால் அணைப்பது. இறுகிய தசைக்கு போட்டாக்ஸ் ஊசி, பாதத்துக்குப் பட்டை. நான் சொன்ன அந்த ஏழு மாதக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறான். பிஸ்கட் பாக்கெட்டை வலது கையால் பிடித்துக்கொண்டு இடது கையால் கிழிப்பான். வலது கை எழுதாது, ஆனால் உதவிக்கு வரும். எங்கள் தொழிலில் உதவிக்கு வரும் கை என்பது பெரிய வெற்றி.

சின்ன மூளை வளைந்துகொடுக்கும், எல்லாம் தானே சரியாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. பாதிதான் உண்மை. இடது மூளையில் அடிபட்ட பச்சிளங்குழந்தை பேசக் கற்றுக்கொள்கிறது, வலது மூளை அந்த வேலையை எடுத்துக்கொள்கிறது, ஆச்சரியம்தான். ஆனால் ஐந்து வயதில் குறை தெரியாத குழந்தைக்கு எட்டு வயதில் தெரியும். பாடம் கடினமாகும்போது கவனம் நிற்காது, கணக்கு எழுதி முடிப்பதற்குள் களைத்துவிடும், சட்டென்று கோபம் வரும். நடக்கிறானே, பேசுகிறானே, இன்னும் என்ன, என்று ஆசிரியர்கள் சோம்பேறிப் பட்டம் கட்டுவார்கள். நடை சரியானதும் எங்களிடம் வருவதை நிறுத்திவிடும் பெற்றோர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு ஏதாவது ஒரு குறை நீண்டகாலம் தொடர்கிறது, சிலருக்கு வலிப்பு வருடங்கள் கழித்து வரும். ஓர் உபரித் தகவல்: கனவுகளை ஆராய்ந்து புகழ்பெற்ற சிக்மண்ட் ஃப்ராய்டு, அதற்கு முன் நரம்பியல் மருத்துவராக இருந்தபோது, ஆஸ்கர் ரீ என்பவருடன் சேர்ந்து 1891-இல் குழந்தைகளின் ஒரு பக்க வாதத்தைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். அப்போதே எழுதியாகிவிட்டது, நாம்தான் இன்னும் வயதானவர்களின் நோய் என்று கட்டம் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் நான் கேட்பது இதுதான். அந்த வரியைத் திருத்தி, அதே அளவுக் கட்டத்தில், அதே கொட்டை எழுத்தில் போடுங்கள். எட்டாம் பக்கத்து மூலையில் 'வருந்துகிறோம்' என்று எறும்பு எழுத்தில் வேண்டாம். ஒரு வயதுக்குள் ஒரு கையை மட்டும் பயன்படுத்தும் குழந்தையைக் காட்டுங்கள் என்று ஒரு வரி, திடீரென்று ஒரு பக்கம் தளர்ந்தால் குழந்தையானாலும் ஸ்ட்ரோக்கா என்று கேளுங்கள் என்று இன்னொரு வரி. இடம் இல்லையென்றால் என் கடிதத்தில் மற்றதையெல்லாம் வெட்டிவிடுங்கள், எனக்கு வருத்தமில்லை.

உங்கள் பக்கத்தை மடித்துக் கொண்டுவந்த அந்த அம்மா அடுத்த செவ்வாய்க்கிழமை மகனோடு மறுபடி வருவார். அதற்குள் திருத்தம் வந்தால் அவரிடம் காட்டிவிடுகிறேன்.

இப்படிக்கு,
குழந்தைகள் பிரிவில் பணிபுரியும் ஒரு பிசியோதெரபிஸ்ட்